மண்டபத்துக்கு ஓர் இணைய வாசல்: சிம் அட்டை ரவுட்டரும் எமது பொறுப்பும்

(ஜேர்மனியின் ரூர் நிலப்பகுதியில் இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றின் பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது பள்ளியின் மேல் வகுப்பில் இன்று 7 மாணவர் உள்ளனர். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் 9 பேர் இருந்தனர். அவ்வகுப்பின் ஆசிரியை கணவரின் பணிமாற்றம் காரணமாகத் தெற்கு ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தபோது, அவருக்குப் பதிலாக இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்க இங்கே ஒருவரும் முன்வரவில்லை. எனவே அவர் அங்கிருந்தபடியே காணொளி வழியாகக் கற்பிக்கச் சம்மதித்தார். உதவி ஆசிரியை ஒருவர் தமது கைத்தொலைபேசியின் இணைப்பைப் பகிர்ந்து மடிக்கணினியை இயக்கினார். மாதத்தின் முதலாவது சனிக்கிழமை எல்லாம் நன்றாகவே நடக்கும். இரண்டாவது சனிக்கிழமை அவரது தரவளவு முடிந்துவிடும். அதன் பின் இணைப்பு நொடிக்கு 64 கிலோபிட் வேகத்துக்குக் குறைக்கப்படும். ஆசிரியையின் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் உறைந்து நிற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பும் நின்று அவரவர் தத்தம் தொலைபேசிக்குள் மூழ்கிவிடுவார்கள். இருவர் வருவதை நிறுத்திக்கொண்டது இவ்வாறுதான். இன்னும் இருவர் நின்றால் அவ்வகுப்பை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என நிர்வாகக் குழு கூறியிருந்தது.

ஆகவே நான் இன்று பேச வந்திருப்பது ஒரு சிறிய பெட்டியைப் பற்றி. தூய தமிழில் திசைவி என்கிறோம், வழக்கில் ரவுட்டர். சாதாரண வீட்டு ரவுட்டர் சுவரிலிருந்து வரும் தொலைபேசிக் கம்பியிலிருந்தோ கண்ணாடி இழையிலிருந்தோ இணையத்தைப் பெறுகிறது. இதுவோ கைத்தொலைபேசியைப் போல ஒரு சிம் அட்டையை ஏற்று, கோபுரத்திலிருந்து இணையத்தைப் பெற்று, மண்டபத்திலுள்ளோருக்கு வை-ஃபையாக வழங்குகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் அதனை 'வேலான்' என்பார்கள். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றுதான்.

கம்பி இணைப்பையே எடுத்திருக்கலாமே எனச் சிலர் கேட்டனர். இக்கட்டடம் எமதன்று. சனிக்கிழமைகளில் சில மணி நேரம் வாடகைக்குப் பெறுகிறோம். கட்டடத்துக்குள் ஏற்கெனவே உள்ள வலையமைப்பு இங்குள்ள மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரியது. வெளியார் பயன்படுத்த அனுமதியில்லை. புதிய கம்பி இழுக்க உரிமையாளரின் ஒப்புதலும் நீண்டகால ஒப்பந்தமும் வேண்டும். நாளை வேறு மண்டபத்துக்கு மாற நேர்ந்தால் அந்தக் கம்பியை எடுத்துச் செல்ல முடியாது. சிம் அட்டை ரவுட்டரை ஒரு பையில் வைத்து எடுத்துச் செல்லலாம்.

முதலில் நாம் செய்தது கருவியை வாங்குவதன்று. கட்டடத்துக்குள் நடந்து பார்த்ததே. ஜேர்மனியின் பெரிய மூன்று வலையமைப்புகளான டெலிகோம், வோடஃபோன், ஓ2 ஆகியவற்றின் அட்டைகள் கொண்ட மூன்று தொலைபேசிகளை இளையோர் மூவர் எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் சமிக்ஞை வலிமையைக் குறித்தனர். திரையில் தெரியும் கோடுகளை நம்பக்கூடாது. அமைப்புகளுக்குள் சென்றாலோ அளவீட்டுச் செயலி ஒன்றை நிறுவினாலோ டெசிபல்-மில்லிவாட் கணக்கில் ஓர் எதிர்மறை எண் தெரியும். எல்.டி.ஈ. வலையமைப்பில் அந்த எண் மைனஸ் 80ஐ அண்டியிருந்தால் மிக நன்று; மைனஸ் 100ஐத் தாண்டினால் தடுமாற்றம்; மைனஸ் 110ஐத் தாண்டினால் காணொளி வகுப்பை மறந்துவிடலாம். நாம் ரவுட்டரை வைக்க எண்ணியிருந்த இரும்பு அலுமாரியின் மேல் மைனஸ் 112. மேல்மாடிப் படிக்கட்டின் ஜன்னலோரத்தில் மைனஸ் 91. இரண்டுக்கும் இடையே 15 மீற்றர் தூரம்கூட இல்லை. வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சுக் கொண்ட புதிய ஜன்னல் கண்ணாடிகள் வானலைகளையும் தடுத்துவிடும் என்பது பலரும் அறியாத செய்தி. அப்படிக்கட்டில் மட்டும் பழைய கண்ணாடி மாற்றப்படாமல் இருந்தது எமது நல்லகாலம்.

ரவுட்டரை மண்டபத்தில் வைத்துவிட்டு ஆண்டெனாவை மட்டும் நீண்ட கம்பி மூலம் ஜன்னலுக்குக் கொண்டுபோகலாம் என்றொரு யோசனையும் எழுந்தது. மெல்லிய ஆண்டெனாக் கம்பி நீள நீளச் சமிக்ஞையைத் தின்றுவிடும். ரவுட்டரையே ஜன்னலருகே வைத்து, அங்கிருந்து மண்டபத்தில் உள்ள வை-ஃபை பரப்பிக்குச் சாதாரண வலையமைப்புக் கம்பியை இழுப்பதே சிறந்தது. அக்கம்பி 100 மீற்றர் வரை இழப்பின்றிச் செல்லும். மின்சாரத்தையும் அதன் வழியே அனுப்பலாம்.

அன்பளிப்பாகத் தமது பழைய 3ஜி ரவுட்டரைத் தர முன்வந்த ஐயா ஒருவருக்கு நன்றி கூறித்தான் மறுக்க வேண்டியிருந்தது. ஜேர்மனியில் 3ஜி வலையமைப்புகள் 2021ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டுவிட்டன. இன்று வாங்குபவர் 4ஜி அல்லது 5ஜி கருவியையே வாங்க வேண்டும். 4ஜி கருவிகளிலும் தரங்கள் உண்டு: நான்காம் பிரிவுக் கருவி உச்சமாக நொடிக்கு 150 மெகாபிட், ஆறாம் பிரிவு 300 மெகாபிட் எனப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அவை ஆய்வுகூட எண்கள். எமது ஜன்னலோரத்தில் கிடைத்தது பதிவிறக்கம் 40, பதிவேற்றம் 12. காணொளி வகுப்புக்கு இது தாராளமாகப் போதும். இரண்டு சிம் அட்டைகள் இடக்கூடிய, விருந்தினர் வாசல் வசதி உள்ளேயே அமைந்த கருவி ஒன்றைத் தெரிவு செய்தோம். லித்துவேனியாவின் டெல்டோனிகா போன்ற நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளைத் தயாரிக்கின்றன. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை நன்கு அறிந்தவர் மலிவான கருவியிலும் இதே வேலையைச் செய்துவிடலாம், பொழுதுதான் செலவாகும்.

சிம் அட்டை பற்றி ஒரு சொல். முன்பணம் செலுத்தும் அட்டைக்கும் இந்நாட்டில் 2017 யூலை 1 முதல் அடையாள அட்டை காட்ட வேண்டும். ஆகவே அட்டை ஒரு தனிமனிதரின் பெயரிலா, சங்கத்தின் பெயரிலா எனும் கேள்வியை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். முன்பு சில கட்டணத் திட்டங்கள் தொலைபேசியில் மட்டும் பயன்படுத்தவே அனுமதித்தன.  தரவளவைக் கணக்கிட்டே வாங்கினோம். காணொளி வகுப்பு 2 மணி நேரம், மணிக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட் என வைத்து 2. விருந்தினர் 60 பேர், ஆளுக்கு 100 மெகாபைட் என 6. ஆக ஒரு சனிக்கிழமைக்கு 8. ஐந்து சனிக்கிழமைகள் வரும் மாதத்தில் 40. எனவே 50 ஜிகாபைட் திட்டம். கட்டுப்பாடின்றித் திறந்துவிட்டால் என்னவாகும்? 20 பிள்ளைகள் உயர்தரக் காணொளியை ஒரு மணி நேரம் பார்த்தால், ஆளுக்கு ஒன்றரை ஜிகாபைட் வீதம் 30 ஜிகாபைட் ஒரே பிற்பகலில் கரைந்துவிடும். 'நிர்வகிக்கப்படும்' என்ற சொல் இங்கேதான் பொருள் பெறுகிறது.

இனி அமைக்கும் முறை. கருவிக்கு மின்சாரம் கொடுக்குமுன் சிம் அட்டையை இட்டு, ஆண்டெனாக்களைத் திருக வேண்டும். தொலைபேசி வலையமைப்புக்கான ஆண்டெனாவும் வை-ஃபைக்கான ஆண்டெனாவும் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். பல கருவிகளில் ஒன்றில் நடுவே ஊசி இருக்கும், மற்றதில் துளை இருக்கும். மாற்றித் திருகினாலும் இறுகிவிடும். ஆனால் உள்ளே தொடர்பு ஏற்படாது. அனுபவத்தில் கூறுகிறேன்: தொழிலால் வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளனாகிய நானே அரை மணி நேரம் இதனால் விழித்தேன். அருகில் நின்ற 15 வயது மாணவி, "அங்கிள், இதற்குள் ஊசி இல்லையே" எனக் கூறினாள்.

பின்னர் மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து, உலாவியில் 192.168.1.1 போன்ற உள்முகவரியைத் திறந்து, சிம் அட்டையின் இரகசிய எண்ணையும் நிறுவனம் தரும் அணுகல் பெயரையும் இடவேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை அக்கணமே மாற்றுங்கள். மென்பொருளின் புதிய பதிப்பை வீட்டு இணைப்பில் வைத்தே ஏற்றிவிட்டு வாருங்கள். மண்டபத்தின் தரவளவை அதற்கு வீணாக்க வேண்டாம்.

நாம் இரண்டு வலையமைப்புகளை உருவாக்கினோம். ஒன்று ஆசிரியருக்கு, நீண்ட கடவுச்சொல், டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 மறையாக்கம், போக்குவரத்தில் முதலிடம். மற்றது விருந்தினருக்கு. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்ல வழியில்லை. விருந்தினர் வலையமைப்பில் உள்ள தொலைபேசிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாதவாறு தனிமைப்படுத்தும் தெரிவு உண்டு. அதனை மறவாமல் இயக்குங்கள். 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்களே ஒன்றையொன்று மோதாதவை. அயல்வீடுகளின் ரவுட்டர்கள் குறைவாக உள்ள தடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

விருந்தினர் வாசல் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். இளையோர் பலர் இதனைத் தினமும் புகையிரத நிலையத்தில் காண்கிறார்கள், ஆனால் உள்ளே நடப்பதை அறிவதில்லை. உங்கள் தொலைபேசி ஒரு வை-ஃபையில் இணைந்தவுடன், உங்களிடம் கேட்காமலேயே, தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் முகவரி ஒன்றுக்குச் சிறு கேள்வி அனுப்புகிறது. அப்பிள் தொலைபேசி 'வெற்றி' எனும் ஒரு சொல்லை எதிர்பார்க்கும். அன்ட்ரொயிட் தொலைபேசி 204 எனும் குறியீடு கொண்ட வெற்று மறுமொழியை எதிர்பார்க்கும். ரவுட்டர் அக்கேள்வியை வழிமறித்துத் தனது வரவேற்புப் பக்கத்தைக் கொடுக்கும். எதிர்பார்த்த மறுமொழி வராததால் தொலைபேசி, 'இங்கே ஒரு வாசல் இருக்கிறது' என உணர்ந்து அப்பக்கத்தை உங்களுக்குக் காட்டும். நீங்கள் எண்ணை இட்டு உள்நுழைந்த பின்னரே வழி திறக்கும். இவ்வழிமறிப்பு மறையாக்கம் இல்லாத கேள்விகளுக்கே பொருந்தும். பூட்டுக் குறியுள்ள வங்கிப் பக்கத்தை வழிமறிக்க முற்பட்டால் உலாவி சான்றிதழ் எச்சரிக்கை எழுப்பும். இளையோரே, எந்த வை-ஃபையிலும் அவ்வெச்சரிக்கையைத் தட்டிவிட்டு முன்னே செல்லாதீர்கள். எமது வாசலிலும் கூடத்தான்.

எமது வரவேற்புப் பக்கம் தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் உள்ளது. ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறிய சீட்டுகளை அச்சிடுகிறோம். சீட்டில் ஓர் எண். அது 3 மணி நேரம், 100 மெகாபைட், நொடிக்கு 2 மெகாபிட் வேகம் என்ற எல்லைகளோடு வரும். தொலைபேசி எண்ணைக் கேட்டுக் குறுஞ்செய்தியில் எண் அனுப்பும் முறையும் கருவியில் உண்டு. நாம் அதனை விலக்கினோம். தொலைபேசி எண் தனிநபர் தரவு. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி அதைச் சேகரிப்பவர் ஏன் சேகரிக்கிறார், எவ்வளவு காலம் வைத்திருப்பார், எப்போது அழிப்பார் எனக் கூறக் கடமைப்பட்டவர். சேகரிக்காதவருக்கு அந்தச் சுமை இல்லை.

தொடக்கத்தில் நாம் சீட்டு அச்சிடவில்லை. ஒவ்வொரு தொலைபேசியின் வன்பொருள் முகவரியைக் கொண்டு 100 மெகாபைட் எல்லையை விதித்திருந்தோம். அன்ட்ரொயிட் 10 வெளிவந்த 2019 முதலும் ஐஓஎஸ் 14 வெளிவந்த 2020 முதலும் தொலைபேசிகள் தம் உண்மை முகவரியை மறைத்து ஒரு கற்பித முகவரியைக் காட்டுகின்றன. அதை மாற்றிக்கொண்டால் ரவுட்டரின் கண்ணுக்கு அது புதிய தொலைபேசி. இதனை முதலில் கண்டறிந்தவர் நானல்லன். எமது ஏழாம் வகுப்பு மாணவர் ஒருவர். இரண்டாவது சனிக்கிழமையே அவர் நான்கு 'புதிய' தொலைபேசிகளாக உலவினார். அவரைத் தண்டிக்க வேண்டும் எனச் சிலர் கூறினர். நான் அவரை அழைத்துச் சீட்டு முறையை வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். அவர் இப்போது முன்வரிசையில் அமர்ந்து தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

இனி, பெற்றோர் பலருடைய உள்ளத்தில் உள்ள அச்சத்துக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு எனது உறவினர் வீட்டுக்கு ஒரு சட்டத்தரணி அலுவலகத்திலிருந்து தடித்த கடிதம் வந்தது. அவர்களது இணைப்பின் வழியாக ஒரு திரைப்படம் பகிரப்பட்டது என்றும், பல நூறு யூரோ செலுத்தி ஒப்பமிட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் அப்படத்தின் பெயரே தெரியாது. கோடையில் வந்து தங்கிய விருந்தினர் ஒருவராக இருக்கலாம். வதிவிட அனுமதிக்குப் பாதகம் வந்துவிடுமோ எனப் பயந்து, எவரிடமும் கேளாமல், கடன் வாங்கிச் செலுத்தினார்கள். இவ்வரங்கில் அத்தகைய கடிதத்தைக் கண்டவர் இன்னும் சிலர் இருப்பர். எனவே 'பொது வை-ஃபை' என்ற சொல்லைக் கேட்டதும் குழுவில் கைகள் எதிர்ப்பாக உயர்ந்ததில் வியப்பில்லை.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 2010 மே 12 அன்று ஜேர்மனியின் கூட்டாட்சி உச்சநீதிமன்றம், தனது வை-ஃபையைப் போதிய அளவு பாதுகாக்காதவர் அதனூடாக அந்நியர் செய்த பதிப்புரிமை மீறலுக்கு எச்சரிக்கைக் கடிதச் செலவைச் செலுத்த நேரிடலாம் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் மியூனிக் அருகே ஒலி, ஒளிச் சாதனக் கடை நடத்திய டோபியாஸ் மெக்ஃபாடன் என்பவர், தமது கடையின் திறந்த வை-ஃபையினூடாக யாரோ இசையைப் பகிர்ந்ததற்காகப் பெரிய இசை நிறுவனம் ஒன்றுடன் வழக்காட நேர்ந்தது. அவ்வழக்கு லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்ரெம்பர் 15 அன்று அது, வை-ஃபை வழங்கியவரிடம் இழப்பீடு கேட்க முடியாது, ஆனால் கடவுச்சொல் இடுமாறு பணிக்கலாம் என்றது. 2017 ஒக்ரோபர் 13 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இந்த எச்சரிக்கைக் கடிதச் செலவுப் பொறுப்பையும் நீக்கியது. உரிமையாளர் கேட்கக்கூடியது குறிப்பிட்ட தளத்தைத் தடுக்கும் நடவடிக்கையை மட்டுமே. 2018 யூலை 26 அன்று உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் பழைய தொலைமின் ஊடகச் சட்டத்தின் இடத்துக்கு எண்ணியல் சேவைகள் சட்டம் வந்தபோதும் இப்பாதுகாப்பு தொடர்ந்தது. நான் சட்டத்தரணி அல்லன். கடிதம் வந்தால் ஒப்பமிடுமுன் ஒரு சட்டத்தரணியிடமோ நுகர்வோர் ஆலோசனை நிலையத்திலோ காட்டுங்கள். எனினும், எமது உறவினரின் இரவுகளைக் கெடுத்த சட்டநிலை இன்று இல்லை என்பதை அச்சமின்றிக் கூறலாம். மீறலைச் செய்பவரின் பொறுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. இளையோர் இதனைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் ஆயத்தமான பின்னரே கடினமான வாதம் எழுந்தது. ஒரு தந்தை, நான் மிகவும் மதிக்கும் அண்ணர், என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, பெட்டி உம்மட கையிலதானே இருக்கு. என்ர மகள் என்னென்ன பார்க்கிறாள் எண்டு ஒரு பட்டியல் எடுத்துத் தாரும்" என்றார். அவருடைய கவலை பொய்யன்று. அவர் இரவு வேலை செய்கிறார். மகளோடு பேச வாய்ப்பதே வார இறுதியில்தான்.

என்னால் முடியாது என்றேன். தொழில்நுட்பத்தால் ஓரளவு முடியும். பூட்டுக் குறியுள்ள பக்கத்தின் உள்ளடக்கத்தை ரவுட்டர் காணாது. ஆனால் எந்தத் தளத்தின் பெயர் கேட்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் காணும். நாம் அந்தப் பதிவேட்டை இயக்காமல் விட்டுள்ளோம். ஆபாசத் தளங்களையும் மோசடித் தளங்களையும் பெயர் மட்டத்தில் தடுக்கும் வடிகட்டி உண்டு. அது எல்லோருக்கும் பொதுவானது, எவரது பெயரையும் குறித்துக்கொள்வதில்லை. அதையும் நம்பி உறங்கிவிட வேண்டாம். பிள்ளை தனது சொந்த சிம் அட்டைக்கு மாறினால் வடிகட்டி பயனற்றது.

அவ்வண்ணருக்கு நான் இன்னொரு தீர்ப்பையும் எடுத்துக் கூறினேன். 2012 நவம்பர் 15 அன்று, 13 வயதுச் சிறுவன் இசையைப் பகிர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் பெற்றோரைப் பொறுப்பாளியாக்கவில்லை. சட்டவிரோதப் பகிர்வு தவறு எனப் பிள்ளைக்கு முன்கூட்டியே எடுத்துக் கூறித் தடுத்திருந்தால் போதும். ஐயத்துக்கான தெளிவான காரணம் இல்லாத வரை பிள்ளையின் இணையப் பாவனையைக் கண்காணிக்கும் கடமை பெற்றோருக்கு இல்லை என்றது. 2017 மார்ச் 30 அன்று வந்த வேறொரு தீர்ப்போ, பிள்ளைகளுள் செய்தவர் யாரெனத் தெரிந்திருந்தும் பெயரைக் கூற மறுத்த பெற்றோரைப் பொறுப்பாக்கியது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நீதிமன்றம் எதிர்பார்ப்பது பிள்ளையோடு அமர்ந்து பேசுவதை. அதை ரவுட்டரிடம் ஒப்படைக்க இயலாது. அண்ணர் என்மீது சற்று மனவருத்தத்தோடுதான் சென்றார். இன்று வந்திருக்கிறார், அதற்கு நன்றி.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தொலைவிலிருந்து கருவியைக் கவனிக்க விரும்பினால் ஒரு தடை உண்டு: கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களைப் பொது முகவரி ஒன்றின் பின்னால் ஒளித்து வைத்திருக்கும், எனவே வெளியிலிருந்து ரவுட்டரை அழைக்க முடியாது. ரவுட்டரே வெளியே வந்து ஒரு மறையாக்கச் சுரங்கத்தை அமைக்குமாறு செய்ய வேண்டும். வயர்கார்ட் என்ற மென்பொருள் அதற்குப் போதும். நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்கு நேரே திறந்துவிடுவது வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். இணைப்பு அறுந்தால் தானே மீள்தொடங்கும் அமைப்பையும், சனிக்கிழமை தவிர ஏனைய நாள்களில் வை-ஃபை அணைந்திருக்கும் நேர அட்டவணையையும் இயக்கியுள்ளோம்.

இவ்வளவு செய்தும் முதல் இரண்டு வாரங்களும் பிற்பகல் 3 மணிக்குப் பின் ஆசிரியையின் முகம் மீண்டும் உறைந்தது. சமிக்ஞை அதே மைனஸ் 91, தரவளவு மீதமிருந்தது, கருவியில் குறையில்லை. இரண்டாவது சிம் அட்டைக்கு, வேறு நிறுவனத்தின் வலையமைப்புக்கு, மாற்றிப் பார்த்தோம். சற்றே முன்னேற்றம், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் மாணவர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் காரணத்தைக் கண்டார். வீதியெங்கும் கால்பந்து இரசிகர்கள் கழுத்துத் துணியோடு சென்றுகொண்டிருந்தனர். எமது மண்டபம் விளையாட்டரங்குக்குச் செல்லும் வழியில் உள்ளது. பூன்டஸ்லீகா ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் 3.30க்குத் தொடங்குகின்றன. பல்லாயிரம் தொலைபேசிகள் அதே கோபுரங்களை அழைக்கும்போது எமது சிறிய பெட்டியின் பங்கு நூலாகிவிடுகிறது. சமிக்ஞை வலிமை என்பது கோபுரம் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை மட்டுமே கூறும். கோபுரத்தைச் சூழ எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கூறாது. அதனால் மேல் வகுப்பை மதியம் 12.30க்கு மாற்றினோம். அன்றிலிருந்து வகுப்பு தடையின்றி நடக்கிறது. நின்றுபோன இருவருள் ஒருவரின் தாயார் சென்ற கிழமை நேரத்தை விசாரித்துச் சென்றுள்ளார்.

அடுத்த சனிக்கிழமை முதல் சீட்டுகளை அச்சிடும் பொறுப்பை இளையோர் இருவர் முறைவைத்து ஏற்கின்றனர். அவர்களுக்குத் துணையாக ஒரு தாயோ தந்தையோ வேண்டும்; கணினி அறிவு தேவையில்லை, 12 மணிக்கு வந்து மேல்மாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும். பெட்டியை இன்று கழற்றிக் கொண்டுவந்து பின்மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் வந்து பாருங்கள். ஆண்டெனாக்களை மட்டும் மாற்றித் திருகிவிடாதீர்கள்.